பாதை வெட்டியாச்சு, பராமரிப்பது யார்?

எங்கள் உள்ளாட்சி அமைப்பில் ஒற்றையடிப் பாதைகளும் அதை ஒட்டிய திறந்தவெளி நிலங்களும் ரொம்ப காலம் யார் பொறுப்பிலும் இல்லை. சாலைப் பிரிவு, பூங்காப் பிரிவு இரண்டுமே எங்களுடையது இல்லை என்றன. அதனால் குடிமக்கள் குழுவில் இருந்த நாங்கள் பணம் கேட்பதைத் தள்ளிவைத்துவிட்டு, இதற்கென்று ஓர் அலுவலரை நியமித்துத் தீர்மானம் போடுங்கள் என்று கேட்டோம். பகுதி நேரமாகத்தான் கொடுத்தார்கள், ஆனாலும் வேலை நகர ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.

முதலில் நிலக் கணக்கு. சர்வே வரைபடத்தின் மேல் ஜிபிஎஸ் பதிவை வைத்து, பாதை எங்கெங்கே தனியார் எல்லைக்குள் போகிறது என்று குறித்தோம். அலுப்பான வேலைதான், ஆனால் நிதி கொடுப்பவர்கள் முதலில் கேட்பதே நிலம் யாருடையது என்றுதான்.

அடுத்தது பயிற்சி, எனக்கு மிகவும் பிடித்த கட்டம். பாதையைக் கெடுப்பது பெரும்பாலும் தேங்கும், ஓடும் தண்ணீர். பாதையின் ஏற்றம் பக்கச் சரிவில், அதாவது பாதை குறுக்கே போகிற நிலத்தின் சரிவில், பாதியைத் தாண்டக்கூடாது. சரிவு 16 சதவீதம் என்றால் பாதை 8 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், மொத்தப் பாதைக்கும் சராசரி ஏற்றம் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. மேல்பரப்பு வெளிப்பக்கமாக 5 சதவீதம் அளவுக்குச் சாய்ந்திருந்தால் மழைநீர் குறுக்கே வழிந்து போய்விடும், பாதை நெடுக ஓடி மண்ணை அரிக்காது. சரிவை அளக்கும் கருவியான கிளைனோமீட்டரில் இதை அளக்க ஊழியர்களும் தன்னார்வலர்களும் சேர்ந்தே கற்றுக்கொண்டோம், அது ரொம்ப உதவியது, ஏனென்றால் ஊழியர் மாறிப் போனாலும் தெரிந்தவர்கள் ஊரில் இருப்பார்கள்.

தனியார் நிலங்களை எல்லாம் விலைக்கு வாங்க முடியாது. நிலம் உரிமையாளரிடமே இருக்கட்டும், மனை பிரிக்க மாட்டோம், கட்டடம் கட்ட மாட்டோம் என்று பத்திரத்தில் பதிவு செய்கிற பாதுகாப்பு ஒப்பந்தம் ஒரு வழி. நிலம் கைமாறினாலும் அது வாங்கியவரையும் கட்டுப்படுத்தும்படி எழுதப்படும். ஆனால் ஒப்பந்தத்தை வைத்திருக்கும் அமைப்பு ஆண்டுதோறும் போய்ப் பார்த்து, ஆரம்பத்தில் எடுத்த படங்களோடு ஒப்பிட்டு எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மீறலை நிரூபிப்பது கஷ்டம். இதற்கு ஆளும் நேரமும் இல்லாமல் ஒப்பந்தம் போடாதீர்கள் என்று மன்றத்தில் அழுத்தியே சொன்னேன்.

கடைசியாகப் பராமரிப்புக்குப் பட்ஜெட்டில் தனித் தலைப்பு வாங்கினோம். புதுப் பாதை போட மானியம் கிடைக்கும், விழுந்த மரத்தை அகற்ற யாரும் எளிதில் தர மாட்டார்கள். தொகை சின்னதுதான், ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. இப்போது அந்தப் பகுதி நேரப் பணியை முழு நேரமாக்கக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.