கனவில் அம்மா சொன்ன பாசுரமும் பத்ரிநாராயணன் தரிசனமும்

ஓம் நமோ நாராயணாய.

போன புரட்டாசியில் நானும் என் தம்பியும் இமயமலையில் பத்ரிநாத்தில் இருக்கிற பத்ரிநாராயணனைச் சேவித்துவிட்டு வந்தோம். அது அம்மாவின் நேர்த்திக்கடன். தம்பி கைக்குழந்தையாக இருந்தபோது விஷக்காய்ச்சல் கண்டு, டாக்டரே கையை விரித்துவிட்ட ஒரு ராத்திரியில், "பத்ரிநாராயணா, புள்ளையக் காப்பாத்திக் குடு, உன் மலைக்குக் கூட்டிட்டு வாரேன்" என்று அம்மா மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து வைத்தாள். தம்பி பிழைத்துக்கொண்டான். அம்மாவுக்குத்தான் போகக் கொடுத்துவைக்கவில்லை. மாடு கன்று, அப்பாவின் நோய், எங்கள் கல்யாணம், பேறுகாலம் என்று வருஷங்கள் ஓடி, எல்லாம் முடிந்து நிமிர்ந்தபோது முழங்கால் போய்விட்டது. அம்மா காலமான பிறகும் அந்த முடிச்சு பூஜை அலமாரியில் பெருமாள் படத்துக்குப் பின்னால் அப்படியே இருந்தது.

நாங்கள் பெரியாழ்வார் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள். ஊரிலேயே வடபத்ரசாயி பள்ளிகொண்டிருக்க, அம்மா ஏன் அவ்வளவு தூரத்துப் பெருமாளிடம் வேண்டிக்கொண்டாள் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "பெரியாழ்வார் பாடியிருக்காரு, திருமங்கையாழ்வார் பாடியிருக்காரு, எனக்கு அவன் அந்நியமா?" என்பாள். சாயந்தரம் விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தால் திருமங்கையாழ்வாரின் "முற்ற மூத்துக் கோல் துணையா" பாசுரத்தைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டாள். முதுமை முற்றி, கோலே துணையாகி, அடிமேல் அடி வைத்து நடந்து இளைத்துப்போகும் முன்னே வதரியை, அதாவது பத்ரியை, வணங்குவோம் என்கிற பாசுரம். கடைசிக் காலத்தில் கோல் ஊன்றிக்கொண்டுதான் அதைச் சொன்னாள்.

சித்திரை மாதம் ஒரு விடியற்காலையில் அம்மா கனவில் வந்தாள். தலையெல்லாம் ஈரம். சுற்றிலும் ஆவி பறக்கிறது, எங்கேயோ தண்ணீர் இரைகிற சத்தம். "முற்ற மூத்துக் கோல் துணையா" என்று முதல் அடியை மட்டும் சொல்லிவிட்டு, நான் தொடருவேன் என்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் விழித்தபோது உடம்பெல்லாம் வேர்த்திருந்தது. சில நாள் கழித்து மறுபடியும் அதே கனவு. அன்றைக்கே தம்பி போன் பண்ணினான். "அக்கா, ஆபீஸ்ல ஒருத்தர் பத்ரிநாத் போய்ட்டு வந்து பிரசாதம் குடுத்தாரு. துளசியும் கடலைப்பருப்பும். உனக்கும் எடுத்து வச்சிருக்கேன்." எனக்குப் பேச்சு வரவில்லை. கனவைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "போயிட்டு வந்துருவோம்க்கா" என்றான்.

திருப்பதிக்கு வடக்கே நான் போனதே கிடையாது. கொடைக்கானல் ஏறினாலே தலை சுற்றும். வீட்டுக்காரர் டிவியில் மலை சரிவதைக் காட்டிக் காட்டிப் பயந்தார். மகன் பெங்களூரிலிருந்து, "அடுத்த வருஷம் நானே கூட்டிட்டுப் போறேம்மா, இப்ப எதுக்கு அவசரம்" என்றான். அடுத்த வருஷம் என்று சொல்லிச் சொல்லித்தானே அம்மாவின் காலம் போனது. மனசுக்குள் யாரோ கையைப் பிடித்து இழுக்கிற மாதிரியே இருந்தது. சமையல்காரரோடு கூட்டிப்போகிற ஒரு யாத்திரைக் கோஷ்டியில் பெயர் கொடுத்து, பதிவும் செய்து, புரட்டாசி பிறந்ததும் கிளம்பிவிட்டோம்.

ரிஷிகேஷிலிருந்து பத்ரிக்கு ஏறக்குறைய 300 கிலோமீட்டர். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் அதலபாதாளத்தில் கங்கை. தேவப்பிரயாகையில் இறங்கினோம். பெரியாழ்வார் "கண்டம் என்னும் கடிநகர்" என்று பாடின தலம். பாகீரதியும் அலக்நந்தாவும் வேறு வேறு நிறத்தில் வந்து, கொஞ்ச தூரம் கலக்காமலே ஓடி, அப்புறம்தான் கங்கையாகின்றன. படித்துறையில் இரும்புச் சங்கிலி போட்டிருக்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் முழுக முடியும். இழுப்பு அப்படி. ஒரு கையில் சங்கிலி, இன்னொரு கையில் தம்பியின் விரல். மேலே ரகுநாதன் சன்னதியில் எங்கள் கோஷ்டியில் ஒரு பெரியவர் அந்தப் பதிகத்தைச் சேவித்தார். அதில் "சாளக்கிராமம்", "துவரை", "அயோத்தி", "வதரி" என்று ஆழ்வார் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிற பாட்டு வரும். எங்கள் தெருவில் நடமாடினவர் பாடின ஊரில் நிற்கிறோமே என்று எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஜோஷிமட்டில் நரசிம்மரைச் சேவித்துவிட்டுப் புறப்பட்டால், பாண்டுகேஷ்வரத்தில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. முன்னால் லாம்பகட் பக்கம் மலை சரிந்து ரோடே இல்லையாம். மத்தியானம் நின்ற பஸ் நகரவே இல்லை. இருட்டிவிட்டது, மழை தூறுகிறது, குளிர் எலும்பில் ஏறுகிறது. பிஸ்கட் பாக்கெட்டுக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் வாய்க்கு வந்த விலை சொன்னார்கள் சிலர். சிக்கிக்கொண்ட யாத்ரீகனிடமா சம்பாதிக்க வேண்டும் என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. ஆனால் அதே இடத்தில் டீக்கடை வைத்திருந்த ஒரு அம்மா, எங்கள் கோஷ்டியின் வயசானவர்களை உள்ளே கூப்பிட்டு அடுப்புப் பக்கம் உட்காரவைத்து, தன் வீட்டுக் கம்பளியைப் போர்த்திவிட்டாள். காசு கொடுத்தபோது டீக்கு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை என் கையிலேயே வைத்து மூடினாள். அவள் பேசிய பாஷை எனக்கு ஒரு எழுத்து புரியவில்லை. "பத்ரி விஷால்" என்று பெருமாள் பெயரைச் சொன்னாள், நானும் "பத்ரி விஷால்" என்றேன். அது போதுமாக இருந்தது.

ராத்திரி பஸ்ஸில் யாரும் தூங்கவில்லை. பயந்து ஒரு பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். பின் சீட்டில் கோல் ஊன்றி வந்த ஒரு பாட்டி, யாரும் கேட்காமல், மெல்லத் தொடங்கினார்: "முற்ற மூத்துக் கோல் துணையா..." முதல் அடியோடு மூச்சு வாங்கி நிறுத்தினார். நான் எழுந்துவிட்டேன். "முன்னடி நோக்கி வளைந்து" என்று என் வாய் தானாகத் தொடர்ந்தது. தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். அவன் கண்ணெல்லாம் தண்ணீர். பஸ் முழுக்க அந்தப் பாசுரத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னோம். விடிந்ததும் அங்கேயே இருக்கிற யோகத்யான பத்ரி கோயிலுக்குப் போனோம். குளிர்காலத்தில் பத்ரி நடை சாத்தின பிறகு, கண்ணனின் தோழரான உத்தவர் எழுந்தருளியிருக்கிற இடம். வழி நின்றிருக்காவிட்டால் அந்த வாசலைப் பார்க்காமலே தாண்டியிருப்போம். நாங்கள் சேவித்துவிட்டு வெளியே வரவும், ரோடு திறந்துவிட்டார்கள் என்று டிரைவர் ஹார்ன் அடிக்கவும் சரியாக இருந்தது. எல்லாம் அவன் செயல்.

பத்ரி பத்தாயிரம் அடிக்கும் மேல். நாலு எட்டு வைத்தால் மூச்சு முட்டுகிறது. நர, நாராயண மலைகளுக்கு நடுவில், அலக்நந்தாவின் பாலத்தைத் தாண்டினால் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகக் கோயில் முகப்பு. அதற்குக் கீழே தப்த குண்டம் என்கிற வெந்நீர் ஊற்று. வெளியில் பல் கிட்டுகிற குளிர், உள்ளே கை வைக்க முடியாத சூடு. பெண்களுக்கான தனி இடத்தில் இறங்கி, சொம்பில் மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டபோது சுற்றிலும் ஆவி, கீழே ஆற்றின் இரைச்சல். ஈரத்தலையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அம்மா எனக்கு முன்னாலேயே இங்கே வந்து குளித்திருக்கிறாள். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

பகல் தரிசனத்தைப் பற்றிச் சொல்ல வருத்தமாக இருக்கிறது. பாலத்திலிருந்தே புரோக்கர்கள் சட்டையைப் பிடிக்காத குறை. ஸ்பெஷல் தரிசனம், விஐபி தரிசனம் என்று ஆளுக்கு ஒரு தொகை. வயசானவர்களைக் குறி வைத்தே வருகிறார்கள். மணிக்கணக்கில் வரிசையில் நின்று உள்ளே போனால், பின்னால் இருந்தவர்கள் தள்ளின தள்ளில் கிரீடமும் துளசி மாலையும் ஒரு நொடி தெரிந்தது. அதற்குள் வெளியே வந்துவிட்டேன். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்குக் கொஞ்சமாவது பயபக்தி வேண்டாமா? இவ்வளவு தூரம் வந்து இவ்வளவுதானா என்று தாயார் சன்னதி முன்னால் நின்று அழுதேன்.

"ராத்திரி வருவோம்க்கா" என்றான் தம்பி.

சயனத்துக்கு முந்தின நேரம். குளிருக்குப் பயந்து கூட்டம் கலைந்திருந்தது. உள்ளே நாங்களும் இன்னும் சிலரும்தான். யாரும் தள்ளவில்லை, யாரும் போகச் சொல்லவில்லை. கேரளத்து நம்பூதிரியான ராவல்ஜி, அதாவது தலைமை அர்ச்சகர், அலங்காரத்தை ஒவ்வொன்றாகக் களைந்துகொண்டிருந்தார். ஒரு மாலை எடுத்தார், இன்னொரு மாலை எடுத்தார். விளக்கு வெளிச்சத்தில், கறுத்த சாளக்கிராமத் திருமேனி, பத்மாசனத்தில் அசையாமல். பக்கத்தில் குபேரன், நாரதர், உத்தவர், நர நாராயணர் என்று படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஒருவரையும் தேடத் தோன்றவில்லை. கேட்க வேண்டும் என்று ஊரிலிருந்து கொண்டுபோன பட்டியல், மகன் வீட்டுக் கடன், மருமகள் பிரசவம், ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. "கூட்டிட்டு வந்துட்டேன்" என்று மட்டும் சொன்னேன். அம்மா சொல்ல வேண்டிய வார்த்தை. என் குரலில்தான் வந்தது, ஆனால் அது நான் சொன்னதில்லை.

தம்பி மடியிலிருந்து மஞ்சள் முடிச்சை எடுத்தான். இத்தனை வருஷத்து முடிச்சு கையால் அவிழவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தான். துணி காசோடு ஒட்டி, அதன் நெய்தல் வரி அந்த ரூபாயின் மேல் பதிந்திருந்தது. உண்டியலில் போட்டுவிட்டுக் கீழே விழுந்து சேவித்தான். ஐம்பது வயது தாண்டினவன், குழந்தை மாதிரி தேம்பினான். நாராயணா, நீ கொடுத்த பிள்ளை, நீயே கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டாய். உன் கருணைக்கு நான் என்ன கைம்மாறு செய்ய முடியும்!

மறுநாள் பிரம்ம கபாலத்தில் தம்பி அம்மா அப்பாவுக்குப் பிண்டம் போட்டான். அங்கேயும் தட்சிணை பேரம்தான், அதை விடுங்கள். ஆற்றங்கரைக் கல்லில் உட்கார்ந்து அவன் அம்மாவின் பெயரைச் சொன்னபோது வானம் வெளுத்து, நீலகண்ட சிகரம் முழுதாகத் தெரிந்தது. அப்புறம் மாணா கிராமம், பீமன் போட்ட பாலம், பாறையைக் கிழித்துக்கொண்டு வருகிற சரஸ்வதி, வியாச குகை எல்லாம் பார்த்தோம். குகைக்குப் படியேறும்போது அந்தக் கோல் ஊன்றிய பாட்டி எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தார்.

ஊருக்கு வந்து துளசியும் பருப்புமாகத் தெருவெல்லாம் பிரசாதம் கொடுத்தாகிவிட்டது. வீட்டுக்காரர் இப்போது தினமும் அந்தப் பாசுரத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார். எனக்கோ தேவப்பிரயாகையில் கேட்டது காதை விட்டுப் போகவில்லை. பெரியாழ்வார் வதரிக்கு முன்னால் சாளக்கிராமத்தைச் சொல்கிறாரே. அந்தச் சாளக்கிராமம்தான் நேபாளத்து முக்திநாத். இந்தத் தடவை கனவெல்லாம் வரவில்லை, மனசு மட்டும் போ போ என்கிறது. தம்பியிடம் சொன்னேன். "பாஸ்போர்ட் வேண்டாம்க்கா, வாக்காளர் அட்டை போதும், எடுத்து வை" என்றான். வீட்டுக்காரரும் தன்னுடையதைத் தேடி எடுத்து என்னுடையதோடு சேர்த்து வைத்திருக்கிறார்.