டோனிகால் கூரை வீட்டு நாட்கள்

அக்டோபர் 11, வெள்ளி

அயர்லாந்தின் வடமேற்கில் இருக்கும் டோனிகாலுக்கு வந்து சேர இருட்டிவிட்டது. கில்லிபெக்ஸ் துறைமுகம் தாண்டியதிலிருந்து இவர் ஒரு வார்த்தை பேசவில்லை. களைப்பாகத்தான் இருக்கும். குனிந்து உள்ளே நுழைந்ததும் டர்ஃப் எரியும் வாசனை. சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண் கட்டிதான் டர்ஃப், இங்கே அதுதான் விறகு. விறகுப் புகை மாதிரி இல்லை, நனைந்த மண்ணை யாரோ அடுப்பில் வாட்டியது போல இருந்தது.

போனில் சிக்னல் இல்லை. கேட்டுக்கு வெளியே, கல் சுவர் ஓரம் நின்றால் மட்டும் இரண்டு கோடு வருகிறது.

அக்டோபர் 12, சனி

பகல் வெளிச்சத்தில் வீட்டைப் பார்த்தேன். சுவர் இரண்டு அடி கனம், வெள்ளைச் சுண்ணாம்பு. சன்னல்கள் சின்னவை. அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக நீளவாக்கில் இருக்கின்றன, அகலத்துக்கு ஒரே அறைதான். நல்ல மரம் கிடைக்காத ஊர். சதுப்புக்குள் ஆயிரக்கணக்கான வருடம் புதைந்து கிடந்த மரங்களைத் தோண்டி எடுத்துத்தான் அந்தக் காலத்தில் உத்திரம் போட்டார்களாம்.

கூரை எங்கள் ஊர்க் கூரை போல முகட்டில் கூராக முடியவில்லை. ஆட்டு முதுகு மாதிரி வழவழவென்று வளைந்திருக்கிறது. அட்லாண்டிக் காற்றுக்குப் பிடி கொடுக்கக் கூடாது, அதுதான் காரணம். வைக்கோலுக்கு அடியில் புல்லோடு சீவி எடுத்த மண் பாய். மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு. கயிற்று முனைகளைத் தாழ்வாரத்துக்குக் கீழே சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் முளைகளில் கட்டியிருக்கிறார்கள்.

இவர் ஒவ்வொரு முளையாகத் தொட்டுக்கொண்டே வீட்டைச் சுற்றி வந்தார். கயிறு சொரசொரவென்று இருக்கிறது என்றார். விரல் நுனி மரத்துப்போய் நான்கு மாதம் ஆகிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை யாரும் அழைக்க மாட்டார்கள். இருந்தும் கேட்டுக்கு நான்கு முறை போனேன்.

அக்டோபர் 14, திங்கள்

சாவி கொடுத்த அம்மா சாயங்காலம் வந்தார். வயது எண்பதுக்கு மேல் இருக்கும். பாதிக்கதவில் கையை ஊன்றி வெளியே நின்றபடியே ரொம்ப நேரம் பேசினார். கீழ்ப் பாதியைச் சாத்தி மேல் பாதியைத் திறந்து வைத்தால் கோழி உள்ளே வராது, குழந்தை வெளியே போகாது, வெளிச்சமும் வரும். எங்கள் திண்ணை செய்கிற வேலையை இங்கே இந்தக் கதவு செய்கிறது.

அப்புறம் உள்ளே வந்து எனக்கு நெருப்பு மூடக் கற்றுக் கொடுத்தார். படுக்கும் முன் கங்குகளை ஒன்றாகக் கூட்டி, சாம்பலால் முழுக்க மூடிவிட வேண்டும். காலையில் கிளறி, புது டர்ஃப் கட்டிகளை நிறுத்தி வைத்தால் பிடித்துக்கொள்ளும். மூடும்போது புனித பிரிஜித்தின் பெயரில் ஐரிஷ் மொழியில் ஒரு ஜெபம் சொல்வார்கள். அதை அவர் மெதுவாகச் சொன்னார். எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை, கண் நிறைந்துவிட்டது. தலைமுறை தலைமுறையாக அணையவே விடாத அடுப்புகள் இருந்தனவாம். புது வீட்டுக்குப் போகிறவர்கள் பழைய வீட்டுக் கங்கை எடுத்துப் போவார்களாம்.

நீறு பூத்த நெருப்பு என்று எத்தனை தடவை எழுதியிருப்பேன். இன்றுதான் என் கையால் நெருப்புக்கு நீறு போர்த்தினேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

அணைந்துவிட்டது. காலையில் வெறும் சாம்பல். இவர் எழுவதற்குள் தீக்குச்சி கிழித்துப் புதிதாக மூட்டிவிட்டேன். அவரிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 16, புதன்

அடுப்புக்குப் பக்கத்தில் சுவர் உள்வாங்கி ஒரு மாடம் இருக்கிறது. அதற்குள் ஒரு கட்டில், முன்னால் திரை. முதல் நாளிலிருந்தே இவருக்கு அதன்மேல் ஆசை. இன்று மத்தியானம் அந்த அம்மாவிடம் கேட்டேன். வீட்டில் வயதானவர்களுக்கும் உடம்பு முடியாதவர்களுக்கும் உரிய இடமாம். ஐரிஷில் அதன் பெயர் கய்லியாக். கிழவி என்பதற்கும் அதே சொல்தான்.

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அதிலிருந்து வேறு எதுவும் ஓடவில்லை. எத்தனை பேர் அங்கே படுத்திருந்து எழுந்தார்கள், எத்தனை பேர் எழவில்லை? பழுது பார்த்தவர்கள் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள், கூரைக்குப் புது வைக்கோல் போட்டார்கள், இந்தக் கட்டிலை மட்டும் ஏன் விட்டு வைத்தார்கள்? குளிர் அதிகம், உள் அறையிலேயே படுக்கலாம் என்றேன். இவர் பதில் சொல்லாமல் தலையணையை எடுத்துக்கொண்டு அங்கே போய்ப் படுத்தார். படுத்தவுடன் தூக்கம். மார்ச்சுக்குப் பிறகு இவர் இப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

திரையை மூட எனக்கு மனம் வரவில்லை. எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே காற்று ஏறுகிறது. கயிறுகள் இழுபடுகிற சத்தம் கேட்கிறது, கூரை அசையவில்லை. மணி 2.

நெருப்பை மூடிவிட்டேன். இந்தத் தடவை சாம்பல் கொஞ்சம் தாராளமாக.

அக்டோபர் 17, வியாழன்

கங்கு இருந்தது! கிளறியதும் சிவப்பு.

அழைப்பு வரவில்லை. வியாழன், இல்லாவிட்டால் வெள்ளி என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

எதிர் வயலில் ஒரு பழைய வீடு. கூரை இல்லை. நான்கு சுவர், பக்கச் சுவரில் கறுத்துப்போன அடுப்பு, நடுவில் முள்செடி. முதல் நாளிலிருந்தே அந்தப் பக்கம் பார்க்காமல்தான் கேட்டுக்குப் போகிறேன். இதே டோனிகாலில், டெரிவேயில், 1861 ஏப்ரலில் ஜான் ஜார்ஜ் அடேர் என்ற நிலச்சுவான்தார் 47 குடும்பங்களை வெளியேற்றினான், 244 பேர். திரும்பி வந்து ஒண்டிவிடக் கூடாது என்று வீடுகளின் கூரையைப் பிரித்துப் போட்டார்கள். கூரை போனால் மழை இறங்கும், பிறகு சுவரும் நிற்காது. அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டில் கீற்று மாற்றுகிற நாளில் அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு பகல் திறந்து கிடந்தாலே அந்தப் பயம்.

ராத்திரி இவர் கேட்டார், "நாளைக்குத்தானே?" ஆமாம் என்றேன். அவ்வளவுதான் பேசினோம்.

அக்டோபர் 18, வெள்ளி

கங்கு இருக்கிறது. ஐந்து கட்டி நிறுத்தி வைத்தேன், பிடித்துக்கொண்டது.

9.20. கேட்டுக்குப் போய் வந்தேன். இரண்டு மிஸ்டு கால், அதே எண். திரும்ப அழைப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது, சிக்னலும் போய்விட்டது. இவர் மாடத்தில் இன்னும் தூங்குகிறார். மழை கொஞ்சம் விடட்டும், மறுபடியும் போகிறேன்.