கையெழுத்துக்கு முன்னால்

கமிஷனர் என்றால் ஜனங்களுக்கு சைரன் வைத்த காரும், முகத்துக்கு முன் நீளும் டிவி மைக்குகளும்தான். சென்னை கமிஷனர் அலுவலகத்தில் காக்கி போடாத அமைச்சுப் பணியாளனாகவே ஓய்வுபெற்ற எனக்கு, கமிஷனர் என்றால் ஃபைல். அதிலும் குண்டாஸ் ஃபைல்.

மாவட்டத்தில் ஒருவரைக் குண்டர் சட்டத்தில் அடைக்கும் உத்தரவு கலெக்டருடையது. போலீஸ் கேட்கும், அவர் தீர்மானிப்பார். மாநகரத்தில் கேட்பதும் போலீஸ், தீர்மானிப்பதும் போலீஸ். 1982-ஆம் ஆண்டின் அந்தச் சட்டப்படி கமிஷனர் கையெழுத்துப் போட்டால், விசாரணை முடியாமலே ஒரு மனிதர் 12 மாதம் வரை உள்ளே இருக்கலாம். அரசு 12 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும், அடைத்தது சரியா என்று அறிவுரைக் கழகம் பார்க்கும், எல்லாம் உண்டு. ஆனால் ஆள் அதற்கு முன்பே உள்ளே போயிருப்பார்.

ஸ்டேஷனிலிருந்து தடிமனான கட்டாக வரும்: எஃப்.ஐ.ஆர்., வாக்குமூலம், ரிமாண்ட் அறிக்கை, பழைய வழக்குகள். சில அதிகாரிகள் கடைசிப் பக்கத்தைத்தான் திறப்பார்கள். நான் பார்த்ததில் ஒருவர் முதல் பக்கத்திலிருந்து படிப்பார். அவர் காலத்தில் எங்களுக்கு வீடு போய்ச் சேர நேரமாகும், திட்டிக்கொண்டே இருந்தோம்.

ஏற்கெனவே ரிமாண்டில் இருப்பவர் ஜாமீனில் வெளியே வந்துவிடுவார் என்று காட்டினால்தான் இந்த உத்தரவு நிற்கும். ஒருமுறை அதைக் கேட்க அவர் இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார்.

“இவன் ஜாமீன் மனுவே போடலையே. வெளியே வந்துடுவான்னு எதை வச்சு சொல்றீங்க?”

“இதே மாதிரி ஒரு கேஸ்ல ஜாமீன் கொடுத்திருக்காங்க சார். அந்த ஆர்டரை வச்சிருக்கோம்.”

“படிச்சேன். அது வெறும் வாய்த்தகராறு. இதுல கத்தி இருக்கு. எப்படி இதே மாதிரி?”

கட்டு திரும்பிப் போனது. “புது ஆளு, போகப் போக சரியாயிடுவார்” என்று வராந்தாவில் முனகினார் இன்ஸ்பெக்டர். சரியாவதற்குள் மாற்றல் உத்தரவு வந்துவிட்டது.

ஏ.எஸ்.பி.யாகத் தொடங்கி, எஸ்.பி., டி.ஐ.ஜி., ஐ.ஜி. என்று ஏறி, தலை நரைத்த பிறகுதான் இந்த நாற்காலிக்கு வருகிறார்கள். தேர்தல் வந்தால் ஒரே உத்தரவில் இறங்குகிறார்கள். எல்லையும் நிலையில்லை: 2008-இல் புறநகருக்குத் தனி கமிஷனர், 2011-இல் இரண்டும் மீண்டும் ஒன்றாயின, 2022-இல் தாம்பரம், ஆவடி பிரிந்தன. 2013-இல் எழும்பூரிலிருந்து வேப்பேரிக்கு அலுவலகமே நகர்ந்தது. ஒவ்வொரு தடவையும் கட்டுகளைச் சுமந்தது எங்கள் செக்‌ஷன்தான். எழும்பூர்க் கட்டடம் இப்போது காவல் அருங்காட்சியகம். போய்ப் பார்க்கலாம், நன்றாகவே இருக்கிறது.

ஆள் மாறினாலும் உத்தரவு நிற்கும். உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு வந்தால், பழையவர் போட்ட உத்தரவுக்குப் புதியவர் பதில் சொல்ல வேண்டும். அடைக்கப்பட்டவருக்குக் கொடுத்ததில் தெளிவில்லாத ஒரு நகல், அவருக்குத் தெரிந்த மொழியில் தராத ஒரு பக்கம் போதும், உத்தரவு ரத்தாக. உத்தரவில் இல்லாத காரணத்தைப் பதில் மனுவில் புதிதாகச் சேர்க்கவும் முடியாது. முந்தையவர் மனதில் என்ன இருந்தது என்பதைக் காகிதம்தான் சொல்ல வேண்டும்.

படித்துக் கையெழுத்துப் போட்டவர் விட்டுப்போன ஃபைல்களில் அந்தக் கவலை குறைவு. எந்தப் பக்கத்தைப் பார்த்தார், எதை ஏற்றார், எதை ஏற்கவில்லை என்று உத்தரவிலேயே இருக்கும். அடுத்து வந்தவர் அவரோடு ஒத்துப்போகாதவர் என்று அலுவலகத்தில் பேச்சு. ஆனாலும் அந்த வழக்குகளுக்கான பதில் மனுக்களை மட்டும் ஒரு வரியும் திருத்தாமல் கையெழுத்திட்டு அனுப்பினார்.