தீவுக் கொலைக்கதை: அஷ்டமி இரவு ஒருவழியாகச் சரிவந்தது

கொலைகாரன் கடலைக் கடந்துவிட்டான், அதுவும் கால்நடையாக. படகு இல்லை, சுரங்கப்பாதை இல்லை. "இன்றைக்கு யாராலும் கடக்க முடியாது" என்று ஊரே சத்தியம் செய்கிற இரவில் போய் வேலையை முடித்துவிட்டு விடிவதற்குள் திரும்பியும் வந்துவிட்டான். நான் எழுதிக்கொண்டிருக்கும் துப்பறியும் கதையின் எட்டாவது அத்தியாயம் இந்த ஒரு இடத்தில்தான் இத்தனை நாள் முரண்டு பிடித்துக்கொண்டிருந்தது. இப்போது எல்லாம் பொருந்திவிட்டதால் கொஞ்சம் பீற்றிக்கொள்கிறேன். முடிச்சை இங்கேயே அவிழ்க்கப் போகிறேன். கதையைப் பிறகு படிக்க நினைப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

களம் இதுதான்: 1930கள், குளிர்கடலில் அறுபது பேர் வாழும் ஒரு தீவு. அதற்கு மேற்கே கலங்கரை விளக்கம் நிற்கும் குட்டித் தீவு. இரண்டுக்கும் நடுவே மணலும் கல்லுமாக ஒரு திட்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் நன்றாக வற்றும்போது திட்டு வெளியே தெரியும், நடந்து போகலாம். அஷ்டமி வாக்கில் அப்படி வற்றாது. திட்டின் மேல் முழங்கால் அளவு தண்ணீர் எப்போதும் நிற்கும், குறுக்கே ஓடும் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும். கொலை நடப்பது வளர்பிறை அஷ்டமியன்று, குட்டித் தீவில். சந்தேகத்துக்குரியவர்கள் எல்லோரும் பெரிய தீவில். ஆக, அத்தனை பேருக்கும் கடலே அலிபி, அதாவது அங்கே போயிருக்கவே முடியாது என்பதற்குச் சாட்சி.

"படகில் போயிருக்கலாமே" என்று கேட்காத ஆளில்லை. அதை நாலாவது அத்தியாயத்திலேயே அடைத்துவிட்டேன். அலை மோதும் கரையில் படகுகளை மேட்டில் ஏற்றி வைத்திருப்பார்கள், ஒரு படகைத் தண்ணீரில் இறக்க நாலு ஆள் வேண்டும். அப்படி இறக்கினாலும் சறுக்குக் கட்டையின் சத்தம் ஊருக்கே கேட்கும்.

உண்மையில் தூக்கத்தைக் கெடுத்தது கடிகாரம். கடல் முழுக்க இறங்கி நிற்கும் இரண்டு வற்றங்களுக்கு இடையே 12 மணி 25 நிமிடம். நாளுக்கு 50 நிமிடம் தள்ளிப்போகும், ஒரு வாரத்தில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அதனால் ஓரிடத்தில் அமாவாசை, பௌர்ணமி வற்றங்கள் எப்போதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் வரும். எனக்கு அஷ்டமி வற்றம் இரவு ஒரு மணிக்கு வேண்டும் என்றால், அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் வற்றம் காலை ஏழு, மாலை ஏழு என்று தானாக முடிவாகிவிடுகிறது. எழுதுகிறவன் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. பௌர்ணமி நடுநிசியில் இரண்டு பேர் திட்டில் நடந்து வருகிற காட்சி ஒன்றை ஆசை ஆசையாக எழுதி வைத்திருந்தேன். அந்த நேரத்தில் அங்கே மூன்று மீட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கும். வெட்டிவிட்டேன். இப்போது ஊர்க்காரர்கள் காலை ஏழு மணிக்கு லாந்தர் பிடித்துக்கொண்டு கடக்கிறார்கள், அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

இதில் ஒரு லாபமும் உண்டு. டிசம்பரில் வளர்பிறை அஷ்டமி நிலா நள்ளிரவு வாக்கில் மறைந்துவிடும். ஒரு மணிக்குக் கும்மிருட்டு. தேய்பிறை அஷ்டமியாக வைத்திருந்தால் அந்த நேரத்தில்தான் நிலா எழும்பிக்கொண்டிருக்கும்.

சரி, திட்டு மூழ்கியிருக்கும்போது எப்படிக் கடந்தான்? காற்றழுத்தம்தான் விடை. ஏற்ற வற்ற அட்டவணைகளெல்லாம் சராசரி அழுத்தத்தை வைத்துக் கணிக்கப்படுபவை. அழுத்தம் ஒரு மில்லிபார் கூடினால் கடல்மட்டம் சுமார் ஒரு சென்டிமீட்டர் அழுந்தும், குறைந்தால் அதே அளவு உயரும். கொலை நடக்கும் வாரம் தீவின் மேல் உயரழுத்தம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது: 1041 மில்லிபார். சராசரி 1013 என்றால் 28 சென்டிமீட்டர் லாபம். அட்டவணைப்படி திட்டின் மேல் 50 செ.மீ. இருக்க வேண்டிய தண்ணீர் 22 செ.மீ. ஆகிவிடுகிறது. கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே.

எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். வற்றத்துக்குப் பிறகு முதல் ஒரு மணி நேரத்தில் மொத்த ஏற்றத்தில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் ஏறும், அடுத்த மணியில் இரண்டு பங்கு, அதற்கடுத்து மூன்று. என் தீவில் அஷ்டமி ஏற்றம் 1.8 மீட்டர், ஆகவே முதல் மணியில் 15 செ.மீ. நள்ளிரவிலும் இரண்டு மணிக்கும் ஆழம் 37 செ.மீ., மூன்று மணிக்கு 67. பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அவனுக்கு வாசல் திறந்திருக்கிறது. போக கால் மணி, வர கால் மணி. மிச்சமிருக்கும் ஒன்றரை மணி நேரம் ஒரு கொலைக்குத் தாராளம்.

இந்தத் தந்திரம் எல்லாக் கடலிலும் எடுபடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூமத்திய ரேகையை ஒட்டிய பகுதிகளில் புயல் வந்தால் தவிர அழுத்தம் தினமும் இரண்டு மூன்று மில்லிபாருக்குள் ஏறி இறங்குவதோடு சரி. கதையைத் தூக்கிக் குளிர்கடலில் போட்டது இதற்காகத்தான்.

கணக்கு சரியாகிவிட்டால் கதை முடிந்ததா? இல்லை, அங்கிருந்துதான் நிஜமான தலைவலி. 1929-இல் ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் துப்பறியும் கதைக்கு வகுத்த பத்து விதிகளில் இரண்டு என் கழுத்தைப் பிடித்தன. ஒன்று, துப்பறிபவர் கண்டுபிடிக்கிற தடயம் எதையும் வாசகரிடம் மறைக்கக் கூடாது. இன்னொன்று, கடைசியில் நீளமான அறிவியல் விளக்கம் தேவைப்படும் கருவி எதுவும் கூடாது. எனக்கோ 1041 என்ற எண்ணை முன்கூட்டியே காட்டியாக வேண்டும், காட்டினாலும் யாரும் கவனிக்கக் கூடாது. கடைசியில் பௌதிக வகுப்பும் எடுக்கக் கூடாது.

எண்ணை ஒளிக்கப் பள்ளிக்கூடக் கரும்பலகைதான் தோதான இடம். வாத்தியார் தினமும் காலையில் தேதி, காற்று, அழுத்தம் மூன்றையும் எழுதிப் போடுவார். இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பையன் அதை உரக்கப் படிக்கிறான், படித்து முடிப்பதற்குள் பாதிரியார் கோயில் மணியைப் பற்றிச் சண்டை போட உள்ளே வந்துவிடுகிறார். வாசகர் மணியைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார். கலங்கரை விளக்கத்துப் பதிவேட்டில் வைத்தால் முடியாது. பதிவேடு என்றாலே துப்பறியும் கதைப் பிரியர்கள் பென்சிலை எடுத்துவிடுகிறார்கள்.

விளக்கத்தை ஒழிக்கச் செய்ததுதான் எனக்கே ரொம்பப் பிடித்த வேலை. அதே விஷயத்தை முதல் அத்தியாயத்தில் தலைகீழாகக் காட்டிவிட்டேன். துப்பறிபவர் தீவில் வந்து இறங்கும்போது பாரோமீட்டர் (காற்றழுத்தமானி) 980-இல் கிடக்கிறது. புயலுக்கு முந்தைய மணிநேரம், காற்று இன்னும் எழவில்லை. ஆனாலும் படகுத்துறையின் மேற்படி வரை தண்ணீர் நிற்கிறது, அவர் பூட்ஸ் நனைகிறது, எரிச்சலாகிறார். "கண்ணாடி இறங்கினால் கடல் ஏறும் ஐயா" என்று படகுக்காரக் கிழவர் சொல்லிவிட்டுப் போகிறார். கண்ணாடி என்று அவர் சொல்வது பாரோமீட்டரை. காற்று எழுந்த பிறகு அந்தக் காட்சியை வைத்தால் தண்ணீர் காற்றால் ஏறியதா, அழுத்தத்தாலா என்று குழம்பும், அதனால்தான் அமைதியான மணிநேரம். இப்போது எட்டாவது அத்தியாயத்தில் துப்பறிபவர் கரும்பலகையைப் பார்த்து, கிழவர் சொன்னதைத் திருப்பிப் போட்டால் போதும். இரண்டே வரி. கையெழுத்துப் பிரதியைப் படித்த நண்பர்களில் ஒருவர் தவிர யாரும் முன்கூட்டிக் கண்டுபிடிக்கவில்லை. அந்த ஒருவர் கப்பலில் வேலை பார்த்தவர், அவரைக் கணக்கில் சேர்க்க மாட்டேன்.

இதற்கென்று பாதரசம் இல்லாமல் முள்ளால் அழுத்தம் காட்டும் பழைய அனராய்டு பாரோமீட்டர் ஒன்றை இணையத்தில் வாங்கினேன். விற்றவர் செய்தித்தாளில் சுற்றி அனுப்பியதில் கண்ணாடியில் விரிசல், முள்ளும் சிக்கியிருந்தது. விரலால் மெதுவாகத் தட்டினால் முள் தெளியும், பின்பக்கத் திருகைச் சின்னத் திருப்புளியால் திருப்பி வானிலை நிலையத்தின் அளவோடு சரிசெய்துகொள்ளலாம். வாங்குவதாக இருந்தால் முள் அசைகிறதா என்று வீடியோ கேட்டு வாங்குங்கள். அந்தத் தட்டுகிற பழக்கத்தை அப்படியே கொலைகாரனுக்குக் கொடுத்துவிட்டேன். ஒவ்வொரு முறை கடைக்குள் நுழையும்போதும் தட்டுகிறான், யாரும் கண்டுகொள்வதில்லை.

பெயர்கள் இன்னும் முடிவாகவில்லை. தென் அட்லாண்டிக்கில் இருக்கும் டிரிஸ்டன் ட குன்யா தீவில் வெகுகாலமாக ஏழே ஏழு குடும்பப் பெயர்கள்தான். அதைப் பார்த்து நானும் நாலே குடும்பப் பெயர் வைத்தேன், பட்டப்பெயர் இல்லாமல் எனக்கே ஆள் குழம்புகிறது. ஒன்பதாவது அத்தியாயத்தில் கொலைக்கான காரணம் சவசவ என்று இருக்கிறது. நிலத்தகராறை எடுத்துவிட்டு வேறு ஏதாவது போட வேண்டும்.

அதை முடிக்காமலேயே அடுத்த கதை மண்டைக்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. 1900 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் ஃபிளானன் தீவுகளின் கலங்கரை விளக்கத்திலிருந்து மூன்று காவலர்கள் காணாமல் போனார்கள் அல்லவா, அவர்கள் எழுதியதாகச் சுற்றிவரும் புயல் பற்றிய திகில் குறிப்புகள் பின்னால் யாரோ இட்டுக்கட்டியவை. பதிவேட்டில் பொய்க் குறிப்பு எழுதியவனைத் துரத்துகிற கதை ஒன்று செய்யலாம். இந்த முறை பாரோகிராஃப் வைக்கலாம் என்றிருக்கிறேன். வாரத்துக்கு ஒரு சுற்று சுற்றும் உருளையில் அது தானாகவே கோடு போட்டுக்கொண்டிருக்கும், புயல் அடித்ததாக எழுதிய நாளில் கோடு நேராகக் கிடந்தால் ஆள் மாட்டிக்கொள்வான். பாரோகிராஃபின் பழைய காகிதச் சுருள் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.