செக்ரோலில் இரண்டு நட்சத்திரம்

"வை-டூ-கே எல்லாம் சும்மா கிளப்பிவிட்ட பீதி" என்று யாராவது சொன்னால் என்னால் பேசாமல் இருக்க முடியாது. 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் கம்பியூட்டர்கள் வருடத்தைத் தப்பாக எடுத்துக் குழம்பிவிடும் என்ற பிரச்சினைக்குத்தான் அந்தப் பெயர். போன மாதம் ஹட்டனில் ஏறிய பஸ்ஸில் ஓர் இளைஞரோடு இதே பேச்சு வந்தது. நான் சொல்லத் தொடங்கும்போதே கொட்டகலை வந்துவிட்டது, அவர் இறங்கிவிட்டார். பாதியில் நின்றதை இங்கே எழுதுகிறேன்.

1999-ல் எனக்கு 24 வயது. இலங்கை மலையகத்தில், லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் கிளாக்கர். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்து வளர்ந்து ஆபீஸ் நாற்காலிக்கு வந்தவன், அதனால் செக்ரோலில், அதாவது தொழிலாளரின் வேலை நாளும் சம்பளமும் பதியும் ஏட்டில், இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் எனக்கு ஒரு முகம் தெரியும். ஹட்டனில் ஆறு மாதம் கம்பியூட்டர் படித்திருந்தேன் என்பதால் ஆபீசில் இருந்த ஒரே மெஷின் என் பொறுப்பு. எழுநூறுக்கு மேற்பட்டவர்களின் சம்பளம் அதிலிருந்துதான் வரும். பேர் என்கிற முழு நாள் கூலி, அரைப்பேர், மேலதிகக் கிலோ, தீபாவளி அட்வான்ஸ், ஊழியர் சேமலாப நிதியான ஈ.பி.எஃப்.-க்கு 8 சதவீதம், கம்பெனியின் பங்கு 12, ஊழியர் நம்பிக்கை நிதியான ஈ.டி.எஃப்.-க்கு 3, எல்லாம் அதற்குள்.

அந்த வருடக் கடைசி மலையகத்துக்கு மிகவும் மோசமான காலம். அக்டோபர் 30-ஆம் திகதி தோட்டத் தொழிலாளரின் தலைவர் தொண்டமான் ஐயா காலமானார். டிசம்பர் 18-ஆம் திகதி கொழும்பில் ஜனாதிபதி சந்திரிகாவின் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்தது, மூன்று நாள் கழித்துத் தேர்தல். இதற்கு நடுவில்தான் விமானம் விழும், பேங்கில் போட்ட காசு காணாமல் போகும், கரண்ட் நின்றுவிடும் என்ற பேச்சும். தலவாக்கலைக் கடைகளில் மெழுகுதிரியும் மண்ணெண்ணெயும் வாங்கிப் போனார்கள். யார் தேர்தலுக்குப் பயந்து வாங்கினார்கள், யார் கம்பியூட்டருக்குப் பயந்து வாங்கினார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது.

எங்கள் லயத்தில் பாதி வீட்டுக்கு அப்போது கரண்டே இல்லை. மூன்றாவது காம்பராவில் இருந்த பெரியம்மா, குப்பி விளக்கை ஏற்றிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "கரண்டு போனா நமக்கென்ன தம்பி. சம்பளம் போயிருமா?"

அன்றைக்கு அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

பிரச்சினை என்னவென்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960-களிலும் 70-களிலும் கணினியின் நினைவகம் பொன் விலை. 1973 என்று நாலு இலக்கம் வைப்பதற்குப் பதில் 73 என்று இரண்டே இலக்கத்தில் வைத்தார்கள். நினைவகம் மலிவான பிறகும் பழக்கம் போகவில்லை. 99-க்கு அடுத்து 00 வந்ததும் அதை 1900 என்று மெஷின் எடுத்துக்கொள்ளும். நமக்கும் இது புதிதில்லை. நம் பழைய அடையாள அட்டை எண்ணில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம்தானே. பெரியம்மாவின் எண் 49-ல் தொடங்கும்.

அக்டோபரில் தலைமை ஆபீசிலிருந்து கடிதம் வந்தது, மெஷின்களைச் சோதித்து அறிக்கை அனுப்பச் சொல்லி. எல்லாவற்றையும் முதலில் பிளொப்பியில் இரண்டு பிரதி எடுத்து வைத்தேன். ஒரு சனிக்கிழமை பின்னேரம், எல்லோரும் போன பிறகு, மெஷினில் திகதியை 31-12-1999 என்றும் நேரத்தை இரவு 11.58 என்றும் மாற்றி, ஓஃப் பண்ணிவிட்டுக் காத்திருந்தேன். ஐந்து நிமிடம் கழித்துப் போட்டேன். திரையில் வந்த திகதி 04-01-1980.

கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் காரணம் தெரிந்துகொண்டேன். உள்ளே இருக்கும் கடிகாரம் நூற்றாண்டை மாற்றாமல் 1900 என்று சொல்கிறது, மெஷினை இயக்கும் அடிப்படைப் புரோகிராமான டொஸ்ஸுக்கு 1980-க்கு முந்திய காலமே கிடையாது, அதனால் தனக்குத் தெரிந்த தொடக்கத்துக்குப் போய்விடுகிறது. இதற்கு மருந்து சுலபம். கையால் ஒருமுறை 2000 என்று திகதியைக் கொடுத்தால் எங்கள் மெஷின் பிடித்துக்கொண்டது.

சம்பளப் புரோகிராம் அவ்வளவு சுலபமாக விடவில்லை. திகதியை 2000 ஜனவரி என்று வைத்து, வேலையை விட்டு நிற்பவருக்குக் கொடுக்கும் சேவைக்காலப் பணத்துக்கான பட்டியலை எடுத்தேன். ஜனவரியோடு வேலையை விட்டு நிற்கப் பெயர் கொடுத்திருந்தவர்கள் நாலு பேர், அதில் பெரியம்மாவும் ஒருவர். அவர் கலியாணம் முடித்து எங்கள் தோட்டத்துக்கு வந்து பேர் பதிந்தது 1973 மே மாதம். சேவை வருடம் என்ற இடத்தில் இரண்டு நட்சத்திரக் குறி. தொகை என்ற இடத்தில் 0.00.

அந்த நட்சத்திரத்தின் கணக்கைப் பேப்பரில் போட்டுப் பார்த்தேன். 00-லிருந்து 73-ஐக் கழித்தால் மைனஸ் 73. அந்தக் கட்டத்தில் இரண்டு எழுத்துக்குத்தான் இடம், மைனஸோடு மூன்று எழுத்து. இடம் போதாவிட்டால் புரோகிராம் நட்சத்திரம் போடும். அதுகூடப் பரவாயில்லை, நட்சத்திரத்தைக் கண்டால் யாரும் கேட்பார்கள். அடுத்த கட்டம்தான் ஆபத்து. 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வருடம் வேலை செய்தவருக்குத்தான் சேவைக்காலப் பணம். மைனஸ் 73 ஐந்தைவிடக் குறைவு. ஆகவே உரித்தில்லை என்று தீர்மானித்து, எந்தச் சத்தமும் போடாமல் பூஜ்யம் அச்சடித்துவிட்டது. பெரியம்மாவுக்குச் சேர வேண்டியது வருடத்துக்கு 14 நாள் கூலி வீதம் 26 வருடத்துக்கு 364 நாள் கூலி. மழையிலும் அட்டைக்கடியிலும் நின்று பறித்த மனுஷிக்கு ஒரு முழு வருடச் சம்பளத்துக்குக் குறையாத பணம்.

அந்தத் தாளைப் பெரிய கிளாக்கர் ஐயாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். "இத துரைக்கிட்ட நாந்தான் கொண்டு போறேன்" என்றார். தோட்ட மேனேஜரான துரை மறுநாளே கொழும்புக்கு எழுதினார். பத்திரிகைகளில் அந்தப் பயம் வந்திராவிட்டால் ஒரு சின்னக் கிளாக்கரின் தாளுக்கு இவ்வளவு வேகம் வந்திருக்காது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

புரோகிராமை விற்ற கம்பெனி முதலில் ஒன்றும் ஆகாது என்றது. பிறகு ஆள் அனுப்புகிறோம் என்றது. டிசம்பர் 20-ஆம் திகதி வர வேண்டியவர் குண்டு வெடிப்போடும் தேர்தலோடும் தள்ளிப்போய், 28-ஆம் திகதிதான் வந்து சேர்ந்தார். என் வயது இருக்கும். சிங்களத்திலும் உடைந்த தமிழிலும் பேசிக்கொண்டே இரவு பத்து மணிவரை வேலை செய்தோம். அவர் செய்தது இதுதான்: 00 முதல் 29 வரை வந்தால் 2000-களில் சேர், 30 முதல் 99 வரை வந்தால் 1900-களில் சேர். இருக்கிற எல்லா ஃபைலையும் நாலு இலக்கமாக மாற்றுவதைவிட இது வேகம். 2029 முடியும்வரை தாங்கும் என்றார். மீண்டும் பட்டியலை எடுத்தோம். பெரியம்மாவுக்கு 26 என்று வந்தது.

இந்த இடத்தில் பெரிய கிளாக்கர் ஐயா ஒரு காரியம் செய்தார். மெஷின் சரியாகிவிட்டது, ஆனாலும் மார்ச் வரை செக்ரோலைப் புத்தகத்திலும் கையால் எழுத வேண்டும் என்று உத்தரவு போட்டார். இரட்டை வேலை. எனக்குக் கோபம் வந்தது, சொல்லவும் சொன்னேன். அவர் கேட்கவில்லை.

31-ஆம் திகதி வெள்ளிக்கிழமை. அப்போது இலங்கை நேரம் கிரீனிச்சுக்கு ஆறு மணித்தியாலம் முன்னால், இந்தியாவுக்கு அரை மணித்தியாலம் முன்பே எங்களுக்கு 2000 பிறக்கும். பின்னேரம் ஐந்து மணிக்கு நியூசிலாந்தில் நள்ளிரவு, ஏழுக்குச் சிட்னி, ஒன்பதுக்கு டோக்கியோ. வானொலியில் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தோம். எங்கும் ஒன்றும் விழவில்லை. கரண்டைப் பற்றிக் கவலைப்பட்டவர்களுக்கு நான் சொன்னது, கரண்ட் எடுக்கக் காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களில் தேங்கி நிற்கும் தண்ணீருக்கு இது எந்த வருடம் என்று தெரியாது என்பதுதான். பன்னிரண்டு மணிக்குக் கோயில் மணி அடித்தது, பட்டாசு வெடித்தார்கள். ஃபெக்டரியில் கொழுந்து வாட்டும் காற்றாடிகளின் இரைச்சல் ஒரு நொடிகூட நிற்கவில்லை.

ஜனவரிச் சம்பளம் சரியாக வந்தது. பெரியம்மா கைநாட்டு வைத்துத் தன் பணத்தை வாங்கிக்கொண்டார். உலகமே சிரிக்கத் தொடங்கியது. 300 பில்லியன் டொலர் அளவில் செலவு என்று மதிப்பிட்டார்கள், கடைசியில் என்ன ஆயிற்று, எல்லாம் கம்பெனிகள் காசு பிடுங்கிய வேலை என்று பேச்சு மாறியது.

பிப்ரவரி 29-ஐ எல்லோரும் கவனித்தோம். 1900 நெட்டாண்டு இல்லை, 2000 நெட்டாண்டு. நூற்றாண்டு என்றால் 400-ஆல் வகுபட வேண்டும் என்ற விதியைச் சில புரோகிராம்கள் மறந்திருந்தன. எங்களுடையது அந்தச் செவ்வாய்க்கிழமையை ஏற்றுக்கொண்டது. அப்பாடா என்று இருந்தது. அப்புறம்தான், மார்ச் 10-ஆம் திகதி சம்பளத்துக்காகப் பட்டியல் போடும்போது, கையெழுத்துப் புத்தகமும் மெஷினும் ஒத்துப்போகவில்லை.

தீபாவளி அட்வான்ஸில் இடித்தது. ஒருவருக்கு டிசம்பர் முடிவில் 1200 ரூபா பாக்கி. ஜனவரியில் 300 கழிந்து 900 ஆகிவிட்டது. பிப்ரவரியில் மெஷின் மறுபடி 1200-லிருந்து கழிக்கிறது. அவருக்கு மட்டுமில்லை, அட்வான்ஸ் எடுத்த அத்தனை பேருக்கும். வருடமும் மாதமும் சேர்த்து 9912, 0001 என்று பாக்கிக் கணக்கு ஒரு தனி ஃபைலில் இருந்தது. கடைசிப் பாக்கி எது என்று தேடும் புரோகிராம் பெரிய எண்ணை எடுக்கும். 0001-ஐவிட 9912 பெரிது. டிசம்பர்தான் எப்போதும் கடைசி மாதம். அந்த ஃபைலைக் கொழும்பிலிருந்து வந்தவரும் தொடவில்லை, நானும் யோசிக்கவில்லை. விட்டிருந்தால் கடன் தீராமலே மாதாமாதம் 300 போயிருக்கும், வாசிக்கத் தெரியாத எத்தனையோ பேர் அதைக் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். கையால் எழுதிய புத்தகம்தான் காப்பாற்றியது. பெரிய கிளாக்கர் ஐயாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன்.

அதனால்தான் "ஜனவரி 1-ல் ஒன்றும் ஆகவில்லையே" என்ற வாதம் எனக்குப் போதாது. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில், கர்ப்பிணிகளின் வயதை வைத்துக் குழந்தைக்கு டவுன் சின்ட்ரோம் வரும் வாய்ப்பைக் கணித்த கணினி, ஜனவரியிலிருந்து மே மாதம்வரை தப்பாகவே சொல்லிக்கொண்டிருந்தது. 150-க்கும் மேற்பட்ட பெண்களுக்குப் பிழையான முடிவு போனது. நள்ளிரவில் அங்கே எந்த மணியும் அடிக்கவில்லை.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். இத்தாலியும் ரஷ்யாவும் பிந்தித்தான் தொடங்கின, அமெரிக்கா அளவுக்குச் செலவழிக்கவும் இல்லை, அங்கேயும் பேரழிவு வரவில்லை. விமானம் விழும், அணுகுண்டு தானாகக் கிளம்பும் என்று எழுதியவர்கள் ஜனங்களை வீணாகப் பதறவைத்தார்கள். ஒரு மோட்டரை ஓட்டும் சின்னச் சில்லுக்கு வருடக் கணக்கே தேவையில்லை. வருடம் தேவைப்படுவது வயதுக்கு, வட்டிக்கு, சேவைக்கு, கடனுக்கு. பயப்பட வேண்டிய இடம் பேரேடுதான். அங்கே அந்தப் பயம் முழுக்க நியாயமானது. பெரியம்மா கேட்ட கேள்வியும் அதுவேதான்.

அடையாள அட்டையையும் பிறகு மாற்றினார்கள். 2000-ல் பிறந்த பிள்ளைகள் அட்டை எடுக்கும் வயதுக்கு வந்த 2016-ல், வருடத்துக்கு நாலு இலக்கம் வைத்து 12 இலக்க எண் வந்தது.

இன்னொன்று பாக்கி இருக்கிறது. பல கணினிகள் 1970 ஜனவரி 1-லிருந்து விநாடிகளை எண்ணி நேரம் வைக்கின்றன. பழைய முறையில் அந்த எண் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647 வரைதான் போகும். நம் நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8.44-க்கு அது நிரம்பும். காலையில் ஆட்களைக் கூப்பிட்டு வேலை பிரிக்கும் பிரட்டு முடிந்து, எல்லோரும் மலையில் நிற்கும் நேரம்.

இப்போது நான்தான் பெரிய கிளாக்கர். கொழுந்து நிறுத்துப் பதிய எங்களிடம் ஒரு கையடக்க மெஷின் இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை அதன் திகதியை 19-01-2038 என்றும் நேரத்தை 8.43 என்றும் வைத்துவிட்டு, மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடமும் சில விநாடிகளும் போனது. 14-12-1901 என்று காட்டியது. திரையைப் படம் பிடித்துத் திங்கட்கிழமை காலையில் துரையிடம் கொடுத்தேன். கொழும்புக்கு அனுப்புகிறேன் என்றார். அடுத்த வாரம் மறுபடியும் போய்க் கேட்பேன்.