மாமாவின் பையும் இரண்டு கேமராக்களும்

மாமா கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஃபோட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கடையை மூடியபோது ஒரு தோல் பையை என் கையில் கொடுத்தார். உள்ளே நிகான் 50 எம்எம் 1.8டி லென்ஸ் ஒன்று, பழைய ஃபிளாஷ் ஒன்று. "கேமரா மட்டும் வாங்கிக்கோம்மா, மிச்சம் இதுல இருக்கு" என்றார்.

கைக்கு எட்டுகிற விலையில் செகண்ட் ஹேண்டில் கிடைத்தவை இரண்டு: நிகான் டி3500, கேனான் 1500டி. இரண்டும் 2018-ல் வந்தவை, இரண்டிலும் 24 மெகாபிக்சல். படத்தின் தரத்தை வைத்து ஒன்றைத் தள்ள முடியவில்லை. எது எதைச் செய்யாது என்று பார்த்துவிடலாம் என்று, தெரிந்தவர்களிடம் இரண்டையும் இரவல் வாங்கினேன்.

முதலில் லென்ஸ். நிகானில் மாட்டினால் பொருந்துகிறது, ஆனால் தானாக ஃபோகஸ் ஆகாது. இந்த டி வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது; கேமரா பாடியில் உள்ள மோட்டார்தான் அதைத் திருகவேண்டும். டி3500-ல் அந்த மோட்டாரை வைக்கவில்லை. உள்ளேயே மோட்டார் இருக்கும் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி வகை லென்ஸ்கள் மட்டும்தான் அதில் தானாக ஃபோகஸ் ஆகும். எனக்கு மனசே விட்டுப்போனது. நிகான் என்று நான் யோசித்ததே அந்த லென்ஸுக்காகத்தான்.

கேனானில் மாமாவின் ஃபிளாஷ். மாட்டி அழுத்தினால் வெளிச்சமே வரவில்லை. உற்றுப் பார்த்தால், ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் நடுவில் இருக்கவேண்டிய உலோகப் பின் இல்லை. 1500டி-யை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கேனானுக்கென்றே வந்த ஃபிளாஷ் மற்ற பின்கள் வழியாக வேலை செய்யும். நடுப் பின்னை மட்டும் நம்பியிருக்கும் பழைய ஃபிளாஷ் எரியாது. அதே ஃபிளாஷ் நிகானில் முதல் அழுத்தலிலேயே பளிச்சென்று அடித்தது. வீட்டில் பழைய ஃபிளாஷ் இருப்பவர்கள் அதையும் கையோடு எடுத்துக்கொண்டு கேமரா பார்க்கப் போங்கள்.

புதுச்சேரி பக்கம் இருக்கும் ஊசுட்டேரிக்கு ஒரு காலை போனேன். கொக்கு எழும்பும்போது கேனான் நொடிக்கு 3 படம், நிகான் 5. சிறகு விரிகிற அந்த ஒரு கணம் நிகானில்தான் சிக்கியது. ஆனால் கேமராவோடு கூட வரும் 18-55 லென்ஸில் கொக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். பறவைக்கு நீள லென்ஸ் தனிச் செலவு.

வெளி மைக் மாட்ட இரண்டிலும் வழியில்லை, திரையும் திரும்பாது. எனக்கு வீடியோ வேண்டாம், விட்டுவிட்டேன்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது சில்வர் பீச். உப்புக் காற்றும் பொடி மணலும் உள்ளே போகாமல் தடுக்கும் சீல் இரண்டிலும் இல்லை. படம் பதியும் சென்சாரில் ஒட்டிய தூசியைத் தானே உதறும் வசதியும் இல்லை. கடற்கரையில் லென்ஸைக் கழற்றுவதில்லை என்று அன்றே முடிவெடுத்தேன். வீட்டிலேயே மாட்டிக்கொண்டுதான் கிளம்புகிறேன்.

பேட்டரியில் வித்தியாசம் பெரிது: கம்பெனிக் கணக்கில் கேனானுக்கு 500 படம், நிகானுக்கு 1,550. மாசி மகத்தன்று தேவனாம்பட்டினத்தில் விடியலிலிருந்து சாமிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருக்கும். அந்தக் கூட்டத்தில் எங்கே போய் சார்ஜ் போடுவது? படத்தை மொபைலுக்கு அனுப்ப கேனானில் வைஃபை உண்டு, நிகானில் ப்ளூடூத் மட்டும், மெதுவாகத்தான் போகும். அதற்கு நான் காத்திருக்கத் தயார்.

நிகானையே வாங்கினேன். லென்ஸ் விஷயத்தை மாமாவிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "நாங்க எல்லாத்தையும் கையாலதானே திருகினோம், கொண்டா" என்று வாங்கி, திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தையின் கண்ணைப் பார்த்து மெல்ல வளையத்தைத் திருப்பினார். வியூஃபைண்டர் ஓரத்தில் ஃபோகஸ் சரி என்று காட்டும் பச்சைப் புள்ளி நின்றதும் அழுத்தினார்.