பழைய எஸ்எல் 55 ஏஎம்ஜி: பெட்ரோல் கணக்கும் மற்ற கணக்கும்

மெர்சிடிஸின் ஆர்230 வரிசையில் வந்த எஸ்எல் 55 ஏஎம்ஜி என்ற ஸ்போர்ட்ஸ் காரை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது மைலேஜைத்தான். கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அது முதல் கேள்வி அல்ல. 5.4 லிட்டர் வி8 (எட்டு சிலிண்டர் எஞ்சின்), அதன் மேல் காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் ஒரு சூப்பர்சார்ஜர், தொடக்கத்தில் 476 குதிரைசக்தி (2006 மறுவடிவத்துக்குப் பிறகு 517), மடங்கும் உலோகக் கூரை, கிட்டத்தட்ட இரண்டு டன் எடை. இது பெட்ரோல் குடிக்கும் என்று தெரிந்தேதான் எல்லோரும் வாங்குகிறார்கள். வாங்கியவரைத் திணறடிப்பது வேறு செலவு.

இருந்தாலும் பெட்ரோலில் இருந்தே தொடங்குவோம். கணக்குகள் எல்லாம் ஜெர்மனியை வைத்துத்தான். தொழிற்சாலை சொல்லும் கலப்பு ஓட்டக் கணக்கு 100 கி.மீ.க்கு ஏறக்குறைய 14 லிட்டர், அதாவது லிட்டருக்கு 7 கி.மீ. ஜெர்மன் நெடுஞ்சாலையில் 110–120 வேகத்தில் சீராகப் போனால் 11–12 லிட்டரில் முடியும். நகரத்துக்குள் குறுகிய தூரம் ஓட்டினால் 20ஐத் தாண்டும். வேக வரம்பு இல்லாத இடத்தில் 200க்கு மேல் வைத்திருந்தால் 25ம் போதாது. ஒரே காரில் இவ்வளவு வித்தியாசம் வருவதற்குக் காரணம் சூப்பர்சார்ஜரில் உள்ள மின்காந்த கிளட்ச். காலை மென்மையாக வைத்தால் கிளட்ச் விலகிவிடும், சூப்பர்சார்ஜர் சுழலாது. அப்போது இது ஒரு சாதாரண பெரிய வி8 மட்டுமே. அழுத்தினால்தான் சூப்பர்சார்ஜர் சேரும், செலவும் ஏறும். ஆகவே இந்தக் காரில் மைலேஜ் பெரும்பாலும் ஓட்டுபவரின் வலது காலில்தான் இருக்கிறது. கூரையைத் திறந்து வேகமாகப் போனால் காற்றுத் தடை கூடும், செலவும் கூடும். அதற்காகக் கூரையை மூடி வைக்கச் சொல்ல மாட்டேன். அதற்குத்தானே இந்தக் கார்.

98 ஆக்டேன் சூப்பர் பிளஸ்தான் போட வேண்டும். 95 ஊற்றினால் நாக் சென்சார் (எஞ்சினுக்குள் பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பதை உணரும் கருவி) தீப்பொறியைத் தாமதப்படுத்தும், சக்தி குறையும், அதே வேகத்துக்குக் கூடுதல் பெட்ரோல் போகும். பம்பில் மிச்சம் பிடித்தது சாலையில் போய்விடும். ஆண்டுக்கு 5,000 கி.மீ., 100க்கு 16 லிட்டர், லிட்டர் 1.90 யூரோ என்று வைத்தால் 800 லிட்டர், 1,520 யூரோ. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் செலவுகளில் ஒன்றே இதை விழுங்கிவிடும்.

மைலேஜை ஒவ்வொரு முறை டேங்க் நிரப்பும்போதும் குறித்து வைப்பது நல்ல பழக்கம், ஏனென்றால் அது எஞ்சினின் உடல்நிலையைக் காட்டும் காய்ச்சல்மானி. ஓட்டும் முறை மாறாமல் செலவு மட்டும் ஏறினால் முதலில் ஸ்பார்க் பிளக்குகளைப் பாருங்கள். இந்த எஞ்சினில் சிலிண்டருக்கு இரண்டு வீதம் 16 பிளக்குகள். ஒன்று பலவீனமானாலும் பக்கத்துப் பிளக் வேலையைப் பார்த்துவிடுவதால் எஞ்சின் உதறாது, உங்களுக்குத் தெரியவும் தெரியாது. மாற்றும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஒயரின் தொப்பியைக் கையால் இழுத்தால் உள்ளே பிய்ந்துவிடும். 17 ஸ்பேனரை நெம்புகோலாக வைத்து நேராக வெளியே தள்ளுங்கள். திரும்பப் பூட்டும்போது 28 நியூட்டன் மீட்டர் போதும்.

அடுத்தது எஞ்சின் வெப்பத்தைச் சீராக வைக்கும் வால்வான தெர்மோஸ்டாட். திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டால் நெடுஞ்சாலையில் வெப்ப முள் 80க்குக் கீழே இறங்கும். எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து கணினி பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும். மலிவான பாகம், தயங்காமல் மாற்றுங்கள். மூன்றாவது, சூப்பர்சார்ஜர் அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் மின்சாரத் தண்ணீர் பம்ப். அது நின்றுவிட்டால் அழுத்தப்பட்ட காற்று குளிராது, தீப்பொறி தாமதமாகும், கார் மந்தமாகும், எச்சரிக்கை விளக்கும் எரியாது. காரின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியில் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பத்தைப் பாருங்கள். பலமாக அழுத்திய பிறகு சில நிமிடம் மெதுவாகப் போயும் அது இறங்கவில்லை என்றால் சந்தேகம் இந்தப் பம்பின் மேல்தான்.

இனி பெரிய செலவு: ஏபிசி என்ற ஹைட்ராலிக் சஸ்பென்ஷன். வளைவில் கார் சாயாமல் பிடிப்பது இதுதான். ஒரே பம்ப் ஸ்டீயரிங்குக்கும் இதற்கும் எண்ணெய் தள்ளுகிறது, அழுத்தம் 200 பார் வரை போகும். இந்த அமைப்பில் அழுத்தத் துடிப்பை விழுங்க, நைட்ரஜன் நிரப்பிய உருண்டைகள் உண்டு: பம்ப் அருகே ஒன்று, முன் அச்சுக்கு ஒன்று, பின் அச்சுக்கு ஒன்று, திரும்பும் குழாயில் ஒன்று. உள்ளே இருக்கும் சவ்வு வழியாக நைட்ரஜன் மெல்ல மெல்லக் கசிந்துவிடும். கார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கசியும், ஏனென்றால் இது கிலோமீட்டர் தேய்மானம் அல்ல, வயதுத் தேய்மானம். உருண்டை செத்துவிட்டால் துடிப்பு முழுவதும் ரப்பர் குழாய்களையும், சக்கரங்களுக்கு எண்ணெயைத் திருப்பிவிடும் வால்வு பிளாக்கின் ஓ-ரிங்குகளையும் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையங்கள்) அடிக்கும். குழாய் வெடிக்கும், எண்ணெய் போகும், பம்ப் வறண்டு சாகும். பம்ப் மட்டுமே நான்கு இலக்க யூரோ. பலர் பம்பை மாற்றுகிறார்கள், உருண்டைகளைத் தொடுவதில்லை. புதிய பம்பும் அதே அடியை வாங்குகிறது. எனவே உருண்டைகளை முதலில் மாற்றுங்கள், நான்கையும் ஒன்றாக.

எண்ணெய் பென்டோசின் சிஎச்எஃப் 11எஸ், நிறம் பச்சை. பழுப்பாகிவிட்டால் ஃபில்டரோடு மாற்ற வேண்டும். கியர்பாக்ஸ் எண்ணெயை அவசரத்துக்குக்கூட ஊற்றாதீர்கள். ஸ்டீயரிங்கில் துடிப்பு தெரிந்தால் உருண்டை. ஒரு மூலை மட்டும் இரவில் தாழ்ந்தால் வால்வு பிளாக். சிவப்பு எச்சரிக்கை வந்தால் வீடு பக்கம்தான் என்று ஓட்டிப்போகாமல் அங்கேயே நிறுத்தி டோ வண்டியை அழையுங்கள்.

பிரேக்கும் மின்-ஹைட்ராலிக்தான், எஸ்பிசி என்பார்கள். பேடு மாற்றுவதற்கு முன் கண்டறியும் கருவியால் அதைச் செயலிழக்கச் செய்தே ஆக வேண்டும். கதவைத் திறந்தாலே அது தானாக அழுத்தம் ஏற்றும், பேடை இறுக்கும் காலிப்பருக்குள் விரல் இருந்தால் நசுங்கிவிடும். இந்த யூனிட் எத்தனை முறை பிரேக் பிடித்தீர்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கும். வரம்பை எட்டினால் சிவப்பு எச்சரிக்கை வரும், யூனிட்டையே மாற்ற வேண்டும். வாங்கும் முன் அந்த எண்ணிக்கையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஐந்து வேக கியர்பாக்ஸ் உறுதியானது. அதன் ஒயர் இணைப்பியில் உள்ள ஓ-ரிங் கசிந்தால் எண்ணெய் ஒயருக்குள்ளேயே ஏறி கட்டுப்பாட்டுப் பெட்டி வரை போய்விடும். சில யூரோ பாகம். எண்ணெய் மாற்றும்போதே இதையும் மாற்றிவிடுங்கள். டயர்கள் முன்னால் 255/40, பின்னால் 285/35, இரண்டும் 18 அங்குலம். அளவு வேறு என்பதால் முன்பின் மாற்றிப் போட்டு ஆயுளை நீட்ட முடியாது. பேட்டரி இரண்டு: முன்னால் ஸ்டார்ட்டருக்கு, டிக்கியில் மற்ற எல்லாவற்றுக்கும். டிக்கி பேட்டரி தளர்ந்தால் கூரை பாதியில் நிற்கும், பிரேக், சஸ்பென்ஷன் எச்சரிக்கைகள்கூடப் பொய்யாக வரும். ஆகவே எதையும் கழற்றும் முன் வோல்டேஜை அளந்துவிடுங்கள்.

வரி ஜெர்மனியில் ஆச்சரியமாகக் குறைவு. 2009 ஜூலைக்கு முன் பதிவான காருக்கு எஞ்சின் கொள்ளளவை வைத்துத்தான் கணக்கு: 100 கன செ.மீ.க்கு 6.75 யூரோ. 5,439 கன செ.மீ. என்பது மேல்நோக்கி முழுமையாக்கினால் 55 பங்கு, ஆண்டுக்கு 371 யூரோ. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும் செல்லுபடியாகும் பருவகால எண் பலகை வாங்கினால் சுமார் 217 யூரோ. குளிர்காலத்தில் பொதுச் சாலையில் நிறுத்தவும் கூடாது, சொந்த இடம் வேண்டும். அங்கே பேட்டரிக்கு சார்ஜர் இணைத்து வையுங்கள்.

பெட்ரோல், வரி, இன்சூரன்ஸ் போக ஆண்டுக்கு 3,000 யூரோ தனியாக ஒதுக்க முடியாதவர் இந்தக் காரைத் தொடக்கூடாது என்பது என் கருத்து. வாங்கப் போகிறவர் விற்பவரிடம் ஓர் இரவு காரை நிறுத்தி வைக்க அனுமதி கேளுங்கள். மாலையில் நான்கு சக்கரங்களின் மேலும் சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை டேப்பால் அளந்து எழுதுங்கள். காலையில் எஞ்சினை ஸ்டார்ட் செய்வதற்கு முன் மறுபடி அளவெடுங்கள், ஸ்டார்ட் செய்துவிட்டால் தாழ்ந்த மூலையை ஏபிசி உயர்த்திவிடும். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருந்தால் அந்தக் காரை விட்டுவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.